இரண்டாவது பை

குருத்தணு ஆணையத்தின் பாளையங்கோட்டைக் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. குருத்தணுக்களின் எண்ணிக்கையான குருத்தெண் பூஜ்யம் என்று வந்தவர்களுக்கு நாற்காலி கொடுக்க மாட்டார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. உட்கார வைத்துச் சொன்னால் அழுவார்கள், அழுதால் எழுப்பி அனுப்ப அரை மணி நேரம் ஆகும் என்று இயக்குநர் டாக்டர் அம்பலவாணன் கண்டுபிடித்த சிக்கனம் அது. நிற்கிறவன் சீக்கிரம் போய்விடுவான். மனிதர்களைப் பற்றி அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை அதுதான் என்று உலகம்மை பிற்பாடு நினைத்துக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மேசைக்கு முன்னால் நின்றவர் அவளுடைய கணவர் தளவாய். வயது ஐம்பத்திரண்டு. நெல்லை – நாகர்கோவில் பேருந்தில் நடத்துநர். எலும்பு மஜ்ஜையில் புற்று.

"உக்காரலாமா ஸார்?" என்றார் தளவாய். "முப்பது வருசம் நின்னுக்கிட்டே டிக்கெட் குடுத்தவன்தான். நிக்கது எனக்குப் புதுசில்ல. சும்மா கேட்டு வச்சேன்."

அம்பலவாணன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க குருத்தெண் பூஜ்யம். உங்ககிட்ட இருந்து எடுத்து உறைய வச்ச ரெண்டு பையிலயும் குருத்தணு ஒண்ணும் இல்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குத் தகுதி இல்லை. மேல்முறையீடு செய்ய ஒரு தடவை அனுமதி உண்டு. அடுத்து?"

"பூஜ்யம்னா, நான் எப்படி ஸார் ஏணிப்படி ஏறி இங்க வந்தேன்?"

"அடுத்து," என்றார் அம்பலவாணன், வாசலைப் பார்த்து.

அந்தப் பூஜ்யத்தை எண்ணி எழுதியவள் உலகம்மைதான். அதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில், செல் எண்ணும் இயந்திரத்தின் முன்னால் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவள். அன்று காலை கணவரின் பையிலிருந்து மாதிரி எடுத்த குழாயை அவளே இயந்திரத்தில் வைத்தாள். திரை காலியாக வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் காலி. இயந்திரம் தன் வேலையை முடித்துவிட்டு, எப்போதும்போல, அடுத்த குழாயைக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் தளவாய் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி உலகு, இத்தன வருசமா நீ அங்க என்னத்தத்தான் எண்ணுத? இன்னைக்காவது எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"ரத்தம் சும்மா ஊறாதுங்க. எலும்புக்குள்ள குருத்தணுன்னு கொஞ்சம் இருக்கும். அதுல இருந்துதான் செவப்பு, வெள்ளை எல்லாம் பொறக்கும். பாத்தா மத்த அணு மாதிரிதான் இருக்கும், அடையாளமே தெரியாது. அதனால ஆன்டிபாடின்னு ஒண்ண விடுவோம். குருத்தணு மேல இருக்க ஒரு புரதத்த மட்டும் அது தேடிப் போயி புடிச்சுக்கிடும். அதோட முதுகுல சாயம் ஒட்டியிருக்கும். அப்புறம் அணுவ ஒண்ணு ஒண்ணா வரிசையில விட்டு லேசர் அடிச்சா, சாயம் ஒட்டுனது மினுங்கும். மினுங்குனத எண்ணுவோம்."

"மினுங்காதது?"

"அது குருத்து இல்ல."

"குருத்தாவே இருந்து, மினுங்காம இருந்தா?"

பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆணையத்துக்கு மேதைகள் வந்திருக்கிறார்கள், அமைச்சர்கள் வந்திருக்கிறார்கள், இயந்திரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தளவாய் சிரித்தார். "எங்க டிப்போவுல ஒருக்கா பச்ச டிக்கெட்டு தீந்துபோச்சு. ரெண்டு நாளு ரோஸ் டிக்கெட்டு குடுத்தோம். வள்ளியூர்ல ஏறுன செக்கருக்கு அது தெரியாது. ரோஸ் வச்சிருந்தவன் அம்புட்டு பேரையும் வித்தவுட்டுன்னு எறக்கி விட்டுட்டான். நான் கத்துதேன், காது குடுத்தாத்தான? பஸ்ஸு காலி. நானும் டிரைவரும் மட்டும் நாகர்கோயில் போய்ச் சேந்தோம். செக்கர் எழுதி வச்சிருந்தான், ‘பயணிகள் யாரும் இல்லை’ன்னு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். உலகம்மை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆன்டிபாடி என்கிற அந்த எதிர்ப்பொருளில் ஆணையம் வாங்குவது ஒரே கம்பெனி செய்யும் ஒன்றை மட்டும். அது பிடிப்பது அந்தப் புரதத்தின் ஒரு மூலையை. சில குடும்பங்களில் அந்த மூலை நூலளவு வேறாக இருந்தால்? குருத்தணு இருக்கும், ரத்தம் ஊறும், ஆள் ஏணிப்படி ஏறுவான். எதிர்ப்பொருள் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வழுக்கிப் போய்விடும். திரை காலியாக இருக்கும்.

அப்படி ஒரு சந்தேகம் வந்ததும் வேறு முகங்கள் நினைவுக்கு வந்தன. நாற்பது வயதுக்குள் எல்லோரும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்த புதிதில் குருத்தெண் என்பது மஜ்ஜை சிகிச்சைக்கு மட்டும்தான். நம் ஜனங்கள் ஓர் எண்ணைக் கையில் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? இரண்டே வருடத்தில் ஜாதகத்தோடு குருத்தெண் சீட்டுக்கும் நான்கு மூலையில் மஞ்சள் தடவி வைத்தார்கள். பத்துப் பொருத்தம் பதினொன்றாயிற்று. பெண் பார்க்க வந்த வீட்டில் பஜ்ஜி தின்றுகொண்டே "பாப்பாவுக்கு எண் எவ்வளவு?" என்று கேட்டார்கள். நாங்குநேரிப் பக்கம் சில குடும்பங்களில் வரிசையாகப் பூஜ்யம் வந்தது. ஊர் அவர்களுக்கு ‘வெறும் ரத்தம்’ என்று பெயர் வைத்தது. எழுபது வயதுக் கிழவர்கள் அந்த வீடுகளில் பனை ஏறிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை. எண் சொல்லிவிட்டதே, பிறகு கண் எதற்கு? தளவாய்க்கும் அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். சட்டம் வந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்ததால் கட்டாயச் சோதனையிலிருந்து தப்பியிருந்தார்.

அந்தப் பூஜ்யங்களையெல்லாம் அச்சடித்தது தன் விரல் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. அம்பலவாணன்மேல் இருந்த இளக்காரத்தில் பாதியை அன்றே அவள் தனக்கும் ஒதுக்கிக்கொண்டாள்.

எண்ணாமலேயே குருத்தணுவைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. தட்டு வைப்பது. கூழ் போன்ற தீனியில் கொஞ்சம் அணுக்களைக் கலந்து, உடம்பின் சூட்டிலேயே ஒரு பெட்டியில் பதினான்கு நாள் வைத்துவிட்டால், குருத்தணு இருக்கிற இடத்தில் ஒரு கூட்டம் முளைக்கும். வெறும் கண்ணுக்கு ரவை சிந்தியதுபோல் தெரியும். பதினான்கு நாள் காத்திருக்க ஆணையத்துக்குப் பொறுமை கிடையாது என்பதால் அந்த முறையை ஒழித்திருந்தார்கள். பெட்டி மட்டும் மூலையில் கிடந்தது. தளவாயின் குழாயில் மிச்சமிருந்ததை உலகம்மை அதில் வைத்தாள்.

பதினான்காம் நாள் மதியம் மூடியைத் திறந்து பார்த்தாள். பதினொன்று. சிவப்பும் வெள்ளையுமாகப் பதினொரு புள்ளிகள். கோயிலில் நிற்பதுபோல் நின்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு நேரே மாடிக்குப் போனாள். அம்பலவாணன் அதைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொல்லி, பேனாவால் தள்ளிப் பார்த்தார்.

"தட்டுல முளைக்கிறதெல்லாம் குருத்தாம்மா? மழைக்காலத்துல செருப்புலகூட முளைக்குது."

"ஸார், வேணும்னா மைக்ராஸ்கோப்புல பாருங்க. ரத்த அணுக் கூட்டம்தான். நம்ம ஆன்டிபாடி இவருக்கு ஒட்டல ஸார். அதே புரதத்தோட இன்னொரு பக்கத்தப் புடிக்கிற ஆன்டிபாடி இருக்கு. வரவழைச்சு ஒருதடவ…"

"உலகம்மா. இந்த மாநிலத்துல நாலு கோடிப் பேரை அந்த ஒரு ஆன்டிபாடிய வச்சுத்தான் எண்ணியிருக்கோம். உன் வீட்டுக்காரருக்கு ஒட்டலைன்னா, தப்பு ஆன்டிபாடியிலயா, உன் வீட்டுக்காரர்லயா?"

கேட்டுவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார். தன் சொற்களில் தானே மயங்குகிற ஆள். கூட்டங்களில் அவருக்கு அந்தத் திறமைக்காகத்தான் மாலை விழும்.

"மேல்முறையீடு ஒண்ணு இருக்கே," என்றார். "இன்னொருதடவை எண்ணு. சட்டப்படி எண்ணு. எண் வந்தா நான் கையெழுத்துப் போடுறேன். எனக்கென்ன விரோதமா?"

எண் வர வைப்பது எப்படி என்று உலகம்மைக்குத் தெரியும்.

இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் தெரிந்த ரத்தம் ஒன்றைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். கிளை தொடங்கிய நாளில், விலைகொடுத்து வாங்குவானேன் என்று, வேலைக்குச் சேர்ந்தவர்களிடமே கேட்டார்கள். உலகம்மைதான் ஒப்புக்கொண்டாள். ஐந்து நாள் ஊசி போட்டு, எலும்பெல்லாம் முறிகிற வலியோடு, ஒரு பை நிறையக் குருத்தணு கொடுத்தாள். அதைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறையவைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் தன்னில் ஒரு குப்பியை எடுத்து உருக்கி, இயந்திரத்துக்குக் காட்டிவிட்டுத்தான் ஊராரை எண்ணத் தொடங்குவாள்.

மேல்முறையீட்டு நாளன்று இரண்டு குப்பிகளை உருக்கினாள். ஒன்றின்மேல் தளவாயின் பெயர்ப்பட்டையை ஒட்டினாள்.

உடம்பின் எடையில் கிலோவுக்கு இருபது லட்சம் குருத்தணு இருந்தால் சிகிச்சை உண்டு. தளவாய்க்கு இரண்டு பைக்கும் சேர்த்து அறுபது லட்சம் வந்தது. திரை முழுக்க மினுங்கியது.

அம்பலவாணன் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். "பாத்தியா? மிசின் பொய் சொல்லாது. முதல் தடவை நீ சாயத்தைச் சரியாக் கலக்கலை. கணவர்ங்கிறதால கை நடுங்கியிருக்கும். இனிமே சொந்தக்காரங்க குழாயை நீ தொடாதே."

"சரி ஸார்," என்றாள் உலகம்மை.

செப்டம்பர் இருபத்துநான்காம் தேதி தளவாய்க்குச் சிகிச்சை நடந்தது. கடும் மருந்து கொடுத்து, புற்றோடு மஜ்ஜையையும் சேர்த்துப் பொசுக்கிவிட்டு, உறைந்திருந்த அவருடைய இரண்டு பைகளில் ஒன்றை உருக்கி உடம்புக்குள் விட்டார்கள். மூன்றாம் தளத்து வார்டைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ரெஜினா. அந்தக் கட்டடத்தில் நோயாளியின் பெயரை நினைவு வைத்துக்கொள்கிற ஒரே டாக்டர்.

"என்ன அண்ணாச்சி, எப்படி இருக்கிய?" என்பார் காலையில்.

"வாய் பூரா புண்ணு டாக்டரம்மா. இல்லன்னா ரெண்டு கத சொல்லுவேன்."

"சொல்லாம இருக்கதே நல்லது. நர்ஸுப் பிள்ளைக வேலை செய்யணும்லா."

பத்து நாளில் வெள்ளை அணு ஏறத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு நாளில் நன்றாகவே ஏற வேண்டும். பதினான்காம் நாள் ஏறவில்லை. பதினாறாம் நாளும் ஏறவில்லை. பதினெட்டாம் நாள், அக்டோபர் பன்னிரண்டு, ரெஜினா உலகம்மையை வராந்தாவுக்கு அழைத்தார்.

"எனக்கே புரியலக்கா. மொத்தம் அறுபது லட்சம். ஒரு பை போட்டிருக்கோம்னா முப்பது லட்சம் உள்ள போயிருக்கு. தேவையே இருபதுதான். அதனாலதான ரெண்டாவது பையத் தொடல? முப்பது போட்டும் முளைக்கலன்னா…"

உலகம்மை வராந்தாவில் நின்றபடியே கணக்குப் போட்டாள்.

தன்னுடைய ரத்தத்தைத் தட்டில் வைத்தால் முப்பது புள்ளி முளைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். தளவாய்க்கு முளைத்தது பதினொன்று. முப்பதுக்கு அறுபது லட்சமானால் பதினொன்றுக்கு எவ்வளவு? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. இருபத்திரண்டு. இரண்டு பையும் சேர்ந்தால்தான் இருபத்திரண்டு லட்சம். ஒரு பைக்குப் பதினோரு லட்சம். பாதி விதையை விதைத்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எண்ணுவதைத் தவிர வேறு வேலையே பார்க்காதவள், எண்ண வேண்டிய அந்த ஒரு நாளில் எண்ணவில்லை. பதினொன்றைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டாள். எண் வர வேண்டும் என்று தவித்தாளே தவிர, அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தை அளப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் தன் குப்பியை உப்புநீரில் கலக்கி இருபத்திரண்டு வர வைத்திருக்கலாம். அவ்வளவு எளிது.

"ரெண்டாவது பையப் போடுங்க டாக்டர். இன்னைக்கே."

"நான் ரெடிதாங்க்கா. ஆனா பை உறைய வச்சிருக்க தொட்டியோட பூட்டு ஆணையத்துக்கிட்டல்லா இருக்கு. டைரக்டர் பெருவிரல் வச்சாத்தான் திறக்கும். முப்பது லட்சம் போனவங்களுக்கு நாப்பத்திரண்டு நாளைக்கு ரெண்டாவது பை கிடையாதுன்னு ரூல் வேற."

உலகம்மை தளவாயிடம்தான் முதலில் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, சுவரில் இருந்த தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புண் வாயோடு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நான் உன் டிக்கெட்டுலயா வந்துக்கிட்டிருக்கேன்?"

"நான் பாவிங்க. கணக்குப் போடாம விட்டுட்டேன்."

"அழாத ஏட்டி. டிக்கெட்டே இல்லன்னு நடுரோட்டுல எறக்கிவிட்டானுவ. நீ ஏத்திவிட்ட. தூரத்துக்குத்தான் பத்தல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போயி அந்த மனுசங்கிட்ட உள்ளதச் சொல்லிரு. வேல போனாப் போகுது சவம்."

அம்பலவாணன் முழுவதையும் கேட்டார். இடைமறிக்கவில்லை. உலகம்மைக்கு ஒரு நொடி நம்பிக்கைகூட வந்தது.

"அதாவது, அந்த அறுபது உன் ரத்தம்."

"ஆமா ஸார். தப்புத்தான். நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. இப்ப அந்த ரெண்டாவது பையத் திறந்து குடுத்துருங்க."

"அப்போ அந்த எண் செல்லாது."

"செல்லாது ஸார்."

"செல்லாதுன்னா முந்தின எண்தான் நிக்கும். முந்தின எண் என்ன?"

"பூஜ்யம்," என்றார் அவரே. "பூஜ்யம் உள்ள பையை உருக்கி ஒரு நோயாளிக்கு ஏத்தச் சட்டத்துல இடம் இல்லையேம்மா. நீ இதைச் சொல்லாம இருந்திருந்தாலாவது நாப்பத்திரண்டு நாள் கழிச்சுக் கிடைச்சிருக்கும். இப்போ நீயே காலியாக்கிட்ட."

"காலி இல்ல ஸார் அது! பதினொண்ணு மொளச்சத உங்க மேசையில வச்சேன்!"

"தட்டு சட்டத்துல இல்லை."

"அப்ப அந்த இன்னொரு ஆன்டிபாடிய வரவழைங்க. பெங்களூர்ல இருக்கு. மூணு நாளு, நாலு நாளு. வந்த அன்னைக்கு எண்ணிப் பாத்து, இருந்தா ஏத்துங்க. இல்லன்னா என்னைப் போலீஸுல புடிச்சுக் குடுங்க."

அம்பலவாணன் பேனாவை மூடினார். "பார்க்கலாம்," என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பத்து நாள் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே அவளைத் தற்காலிக நீக்கம் செய்து ஓலை வந்தது. கீழ்த்தளத்துக்குள் அவள் கால் வைக்கக்கூடாது. வார்டு வராந்தாவுக்குத் தடை இல்லை, மறந்திருப்பார்கள். தினமும் காலையில் ரெஜினா மாடிக்குப் போய்க் கேட்பார். திரும்பி வந்து தலையை ஆட்டுவார். "ஆன்டிபாடி வந்துச்சான்னு கேட்டா, விசாரணை நடக்குதுங்காரு. விசாரணை யாருக்கு வேணும்? எனக்குப் பை வேணும்." ஒருநாள் பூட்டை உடைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். காவலர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

வெள்ளை அணு இல்லாத உடம்பு கதவில்லாத வீடு. இருபத்தைந்தாம் நாள் நுரையீரலில் பூஞ்சை. அக்டோபர் இருபத்திரண்டு, காலை பதினொன்றே காலுக்குத் தளவாய் போய்விட்டார். கடைசியில் பேச்சில்லை. முந்தின நாள் மட்டும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, ஒரு விரலை உயர்த்தி ஆட்டினார். பேருந்தில் ‘ஒருத்தர் இறங்கணும்’ என்று டிரைவருக்குக் காட்டுவது அப்படித்தான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டார்கள். மீதிப்பேர் எண் எவ்வளவு என்று கேட்டார்கள். பூஜ்யம் என்றதும், அப்படியானால் இதுவரை இருந்ததே பெரிது என்று ஆறுதல் சொன்னார்கள். அவருடைய தங்கை மகளுக்குப் பேசி வைத்திருந்த இடம் அந்த வாரமே கைவிட்டுப் போயிற்று. ‘வெறும் ரத்தம்’. நாலு கோடிப் பேருக்கும் ஓர் எண் இருந்தது. அதைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்த மூளை ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரியில் அம்பலவாணன் கூப்பிட்டனுப்பினார்.

மனிதர் கொஞ்சம் பருத்திருந்தார். மேசைமேல் புதிதாக ஒரு கேடயம்.

"வா உலகம்மா. ஒரு நல்ல சேதி. ரெண்டாவது ஆன்டிபாடிக்கு அனுமதி வாங்கிட்டேன். உன் சந்தேகம் சரிதான். சில குடும்பங்களுக்கு அந்தப் புரதம் வேற மாதிரி இருக்கு. முதல்ல கவனிச்சது நம்ம கிளைதான்னு கட்டுரை எழுதியிருக்கேன்."

"நல்லது ஸார்."

"அவசரப்பட முடியாதில்ல? பன்னிரண்டு வருசத்துப் பூஜ்யம் இருக்கு. ஒரே நாள்ல எல்லாம் தப்புன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? முதல்ல பதிவு, அப்புறம் கட்டுரை, அப்புறம் அறிவிப்பு. எதையும் முறைப்படி செய்யணும்."

"செய்யணும் ஸார்."

"பழைய ஆன்டிபாடி ஒட்டாத, புதுசு ஒட்டுற குருத்தணு இந்த மாநிலத்துலயே உறைஞ்ச நிலையில ஒரே ஒரு பைதான் இருக்கு. உன் வீட்டுக்காரரோட ரெண்டாவது பை. எல்லாக் கிளைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பிச் சோதிக்கணும். நெருங்கின உறவு நீதான். சம்மதம் வேணும். உன் மேல இருக்கிற விசாரணையையும் முடிச்சிடலாம்."

ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடைய கையெழுத்திலேயே நிரப்பப்பட்டிருந்தது. அழகான கையெழுத்து, அதில் அவருக்குப் பெருமை உண்டு. உலகம்மை மேலிருந்து படித்தாள். மாதிரி: தளவாய், இரண்டாம் பை. முதல் எதிர்ப்பொருள்: பூஜ்யம். இரண்டாம் எதிர்ப்பொருள்: கிலோவுக்குப் பதினோரு லட்சம். அவள் போட்ட கணக்கு, ஒரு புள்ளி பிசகவில்லை.

பரிசோதித்த நாள்: அக்டோபர் பதினேழு.

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். பதினேழு. ரெஜினா காவலர்களிடம் மல்லுக்கு நின்றது பதினெட்டாம் தேதி. பூஞ்சை வந்தது பத்தொன்பது, தளவாய் போனது இருபத்திரண்டு.

"ஸார், இந்தத் தேதியெல்லாம் சரிதானா?"

"நானே உட்கார்ந்து எண்ணினது. தேதியில நான் தப்பு விடமாட்டேன். ஏன்?"

முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை. ஒளிக்கிற எண்ணமே இல்லை. தளவாய் எந்தத் தேதியில் செத்தார் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவைப்பட்டதும் இல்லை. ஒளித்திருந்தாலாவது அவரை ஒரு கொலைகாரனாக மதித்திருக்கலாம்.

"ஒண்ணுமில்ல ஸார். பாத்தேன்."

"கடைசியில ரெண்டு கட்டம் காலியா இருக்கும். அது உறவினர் நிரப்ப வேண்டியது. உண்மையா எழுது, போதும்."

முதல் கட்டம் அவளுடைய சம்மதத்துக்கு. சம்மதம் என்று எழுதினாள். நாங்குநேரிப் பக்கம் பூஜ்யத்தோடு காத்திருக்கிறவர்களுக்காக எழுதினாள், அம்பலவாணனுக்காக அல்ல. அந்தப் பையிலிருந்த அணுக்களும் அவருடையவை அல்ல.

இரண்டாவது கட்டத்தில், ‘பரிசோதனை நாளன்று மாதிரி அளித்தவரின் நிலை’ என்று அச்சிட்டிருந்தது. அவள் நிதானமாக, தெளிவாக எழுதினாள்: ‘உயிருடன். இதே கட்டடம், மூன்றாம் தளம், மாற்று சிகிச்சை வார்டு, நான்காம் கட்டில். இந்தப் பைக்காகக் காத்திருந்தார்.’

கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அம்பலவாணன் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். தன் கையெழுத்தையும் போட்டு, முத்திரையை மையில் அழுத்தி எடுத்துக் குத்தினார்.

"எனக்கு ஒரு நகல் வேணும் ஸார். சான்றளிச்சது."

"தாராளமா," என்றார் அவர். நகலிலும் தானே கையெழுத்திட்டார். ‘உண்மை நகல்’ என்கிற முத்திரையை எடுத்து, மை போதாதென்று இரண்டு தரம் அழுத்தி, அவளுடைய எழுத்தை மறைக்காமல் சற்றுத் தள்ளி, நன்றாகவே குத்திக் கொடுத்தார்.